ஏ.சி ஓடுது... ஆனா ரூம் குளிரலையே! கடலோர வீடுகளில் மெக்கானிக்கைக் கூப்பிடும் முன் கவனிக்க வேண்டியவை

கத்திரி வெயில் காலத்து நள்ளிரவு. ஏ.சி ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. ரிமோட்டில் 18 என்று காட்டுகிறது. ஆனாலும் கழுத்தடியில் பிசுபிசுப்பு. குழந்தை புரண்டு புரண்டு படுக்கிறது. 'ஜன்னலையாவது திறங்கப்பா' என்கிறார் தாத்தா. அந்த நேரம் பார்த்துக் கட்டிலின் தலைமாட்டில் 'சொட்'டென்று ஒரு துளி. அண்ணாந்து பார்த்தால் ஏ.சி-யின் அடியிலிருந்து தண்ணீர் வழிகிறது.

மறுநாள் மெக்கானிக் வருகிறார். அவுட்டோர் யூனிட்டின் பைப்பைத் தொட்டுப் பார்க்கிறார். 'கேஸ் இறங்கிடுச்சு சார்' என்கிறார். சில ஆயிரம் ரூபாய் கைமாறுகிறது. ஒரு மாதம் நன்றாக இருக்கும். அடுத்த கோடையில், சில வீடுகளில் அதே கோடையிலேயே, மறுபடியும் அதே கதை.

திருவொற்றியூரிலிருந்து திருவான்மியூர் வரை சென்னையின் கடற்கரையோரம் மட்டுமல்ல. கடலூர், நாகப்பட்டினம், தூத்துக்குடி என உப்புக்காற்று வீசும் ஊர்களில் எல்லாம் இது பழகிப்போன காட்சி. மதுரையிலோ சேலத்திலோ இருக்கும் ஏ.சி படாத பாட்டை இங்கிருக்கும் ஏ.சி படுகிறது. காரணம் வெயில் மட்டுமல்ல, காற்றில் இருக்கும் ஈரமும் உப்பும். இந்த இரண்டும் என்ன செய்கின்றன என்று புரிந்துவிட்டால், வரும் கோளாறுகளில் பாதியை வீட்டிலேயே கண்டுபிடித்துவிடலாம். மீதிப் பாதிக்கு வரும் மெக்கானிக்கிடம் சரியான கேள்வியைக் கேட்கலாம்.

ஈரத்தை விரட்டப் பிறந்த மெஷின்

ஏ.சி முதலில் கண்டுபிடிக்கப்பட்டது மனிதர்கள் சுகமாகத் தூங்குவதற்காக அல்ல. அமெரிக்காவின் புரூக்ளினில் ஓர் அச்சகம். காற்றின் ஈரப்பதம் ஏறி இறங்கியதால் அங்கே காகிதம் விரிந்து சுருங்கியது. ஒவ்வொரு வண்ணமாக அச்சடிக்கும்போது படம் இடம் மாறிப் போனது. அதைச் சரிசெய்ய 1902-ல் வில்லிஸ் கேரியர் என்ற இளம் இன்ஜினீயர் வடிவமைத்ததுதான் இன்றைய ஏ.சி-யின் முன்னோடி. ஆக, ஈரத்தை உறிஞ்சுவதுதான் இந்த இயந்திரத்தின் பிறவிக் கடமை.

கடலோரத்தில் இந்தக் கடமையே பெரும் சுமை. அறைக் காற்று ஏ.சி-யின் உள்ளே இருக்கும் குளிர்ந்த காயில்மீது படும்போது அதிலிருக்கும் நீராவி தண்ணீராக மாறி வடிகிறது. ஐஸ் வாட்டர் டம்ளரின் வெளிப்பக்கம் வேர்ப்பது போலத்தான். புழுக்கமான நாளில் ஒன்றரை டன் ஏ.சி-யிலிருந்து மணிக்கு ஒன்றிரண்டு லிட்டர் தண்ணீர்கூட வடியும். மணிக்கு 2 லிட்டர் வடிகிறது என்றால், அந்த ஏ.சி-யின் குளிரூட்டும் திறனில் ஏறத்தாழ கால் பங்கு, நீராவியைத் தண்ணீராக்கவே செலவாகிறது என்று அர்த்தம். மிச்சம்தான் அறையைக் குளிரவைக்கும்.

அதனால்தான் கடலோர வீடுகளில் ஏ.சி போட்ட அறையின் கதவை அடிக்கடி திறந்து மூடுவது உள்நாட்டு ஊர்களைவிட அதிகம் வலிக்கும். ஒவ்வொரு முறையும் உள்ளே வருவது சூடு மட்டுமல்ல, ஈரமும்தான். குளியலறைக் கதவைத் திறந்து வைப்பது, ஈரத் துணியை அறைக்குள் காயப்போடுவது, ஏ.சி பைப் வெளியே போகும் சுவர் ஓட்டையை அடைக்காமல் விடுவது... எல்லாமே ஏ.சி-க்குத் தனித்தனி வேலை வைக்கும்.

இன்னொன்று, 'பெரிய டன் வாங்கினால் நன்றாகக் குளிரும்' என்ற நம்பிக்கை. பத்துக்குப் பத்து அறையில் இரண்டு டன் ஏ.சி-யை மாட்டினால் அது பத்து நிமிடத்தில் அறையைக் குளிரவைத்து, கம்ப்ரஸரை நிறுத்திவிடும். ஆனால் ஈரத்தை இழுக்க அதற்கு நேரம் கிடைத்திருக்காது. அறை குளிரும், கூடவே கசகசக்கும். ஈரமான குகைக்குள் உட்கார்ந்திருப்பது போன்ற உணர்வு வந்தால் சந்தேகப்பட வேண்டியது கேஸை அல்ல, டன்னை!

18-ல் வைத்தால் சீக்கிரம் குளிருமா?

குளிராது. பழைய வகை ஏ.சி-யில் கம்ப்ரஸருக்கு இரண்டே நிலைதான்: ஓடும், அல்லது நிற்கும். 18 வைத்தாலும் 24 வைத்தாலும் ஒரே வேகத்தில்தான் ஓடும். 18 வைத்தால் நிற்காமல் ஓடும், அவ்வளவே. இன்வெர்ட்டர் ஏ.சி-யும் அறை சூடாக இருக்கும்போது 24 வைத்தாலே முழு மூச்சில்தான் தொடங்கும்.

2020 ஜனவரி 1 முதல் இந்தியாவில் நட்சத்திர முத்திரையோடு வரும் ஏ.சி-க்கள் ஆன் செய்ததும் 24 டிகிரியில் தொடங்க வேண்டும் என்பது மத்திய அரசின் விதி. ஒவ்வொரு டிகிரி உயர்த்தும்போதும் சுமார் 6 சதவிகிதம் மின்சாரம் மிச்சமாகும் என்கிறது நட்சத்திர முத்திரை வழங்கும் மத்திய அமைப்பு. தமிழ்நாட்டு வீடுகளுக்கு இது சின்ன விஷயமல்ல. இரண்டு மாதக் கணக்கில் 500 யூனிட்டைத் தாண்டினால் தாண்டிய யூனிட்டுகளுக்கு மட்டும் விலை ஏறுவதில்லை. கீழ்ப்படியில் இருக்கும் யூனிட்டுகளுக்கான சலுகை விலையும் போய்விடும். 490-க்கும் 510-க்கும் நடுவே இருக்கும் பள்ளம் பில்லைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

சரி, 26-ல் வைத்தால் புழுங்குகிறதே என்பவர்களுக்கு ரிமோட்டிலேயே ஒரு வழி இருக்கிறது. துளி படம் போட்ட 'டிரை மோட்'. இதில் ஃபேன் மெதுவாகச் சுழலும். காற்று காயிலில் அதிக நேரம் தங்கும். ஈரம் நன்றாக இறங்கும். ஐப்பசி, கார்த்திகை மழை நாள்களில், வெளியே வெயில் இல்லை ஆனால் துணி காயவில்லை என்ற நிலையில், இதைப்போல உதவும் பட்டன் வேறில்லை. மே மாத மதியத்துக்கு மட்டும் இது போதாது. அப்போது 'கூல்' மோடில் 25, 26 வைத்து, கூடவே சீலிங் ஃபேனை ஒன்று, இரண்டில் சுழலவிடுவதுதான் நல்ல வழி.

ரிமோட்டைச் சொன்னதால் இதையும் சொல்லிவிடலாம். பட்டனை அழுத்தினால் ஏ.சி அசையவே இல்லையா? மொபைல் கேமராவைத் திறந்து, ரிமோட்டின் முன்பக்க பல்பைக் காட்டி ஒரு பட்டனை அழுத்துங்கள். திரையில் ஊதா நிறத்தில் மினுக்கினால் ரிமோட் வேலை செய்கிறது. மினுக்காவிட்டால் பேட்டரியை மாற்றிப் பாருங்கள். சில போன்களில் பின் கேமராவில் தெரியாது. செல்ஃபி கேமராவில் பாருங்கள். பேரப்பிள்ளைகள் விளையாட்டாக அழுத்திய 'ஃபேன் மோட்', 'டைமர்' போன்றவற்றால் மெக்கானிக்குக்கு விசிட்டிங் சார்ஜ் கொடுத்த வீடுகள் நிறைய. குளிரவில்லை என்றால் முதலில் திரையில் பனித்துளி நட்சத்திரம் தெரிகிறதா என்று பாருங்கள்.

தலைமாட்டில் தண்ணீர்

மறுபடி அந்த நள்ளிரவுத் துளிக்கு வருவோம். ஏ.சி-யிலிருந்து தண்ணீர் சொட்ட முக்கியமாக மூன்று காரணங்கள். எங்கிருந்து சொட்டுகிறது என்று பார்த்தாலே எது என்று தெரியும்.

யூனிட்டின் அடிப்பகுதியிலிருந்து அல்லது பின்பக்கச் சுவரோடு வழிந்தால் டிரெயின் பைப் அடைத்திருக்கிறது. காயிலில் படியும் தூசியும் ஈரமும் சேர்ந்து பாசிபோல ஒரு வழவழப்பு உருவாகும். அது பைப்பில் இறங்கி அடைக்கும். வெளியே பைப்பின் நுனியைப் பாருங்கள். உள்ளே சொட்டுகிறது, வெளியே சொட்டவில்லை என்றால் அடைப்பு உறுதி. சில வீடுகளில் தண்ணீரைப் பிடிக்க பக்கெட் வைத்திருப்பார்கள். பைப்பின் நுனி பக்கெட் தண்ணீருக்குள் மூழ்கிக் கிடக்கும். அதுவே அடைப்பு மாதிரிதான். நுனியை மேலே எடுத்தாலே பல நேரம் சரியாகிவிடும். பைப் நடுவில் தொய்ந்தோ மேல்நோக்கி ஏறியோ இருந்தால் என்னதான் சுத்தம் செய்தாலும் மறுபடி வழியும். சரிவைத்தான் மாற்ற வேண்டும். ஈரத்தை உறிஞ்சும் வேக்குவம் கிளீனர் இருந்தால் வெளி நுனியில் வைத்து இழுத்தால் அடைப்பு வந்துவிடும். குச்சியோ கம்பியோ விட்டுக் குத்தினால் பைப் உள்ளேயே கிழியும்.

காற்று வரும் வாயில், அந்தப் பிளாஸ்டிக் தகடுகளில், முத்து முத்தாகத் துளிகள் நின்று சொட்டினால் அது கோளாறே அல்ல. சென்னைக் கோடை இரவில் 25 டிகிரிக்குக் கீழே குளிர்ந்த எந்தப் பொருளும், வெளிக்காற்று பட்டால் வேர்ப்பது சாதாரணம். 18-ல் வைத்து, ஃபேனைக் குறைத்து, கதவையும் திறந்து வைத்தால் தகடுகள் வேர்க்காமல் என்ன செய்யும்? கதவை மூடி, ஃபேன் வேகத்தைக் கூட்டி, 24-க்கு ஏற்றினால் நின்றுவிடும். காலையில் ஜன்னல் கண்ணாடியின் வெளிப்பக்கம் வேர்ப்பதும், ஏ.சி அறையை ஒட்டிய பக்கத்து அறைச் சுவரில் கறுப்பாகப் பூஞ்சை படிவதும் இதே கதைதான்.

மூன்றாவது, ஐஸ். ஏ.சி ஓடும்போது சொட்டாமல், நிறுத்திய பிறகு மளமளவெனக் கொட்டினால் உள்ளே காயிலில் ஐஸ் கட்டியிருந்தது என்று பொருள். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். 'ஐஸ் கட்டினால் கேஸ் குறைவு' என்பது பாதி உண்மை. ஃபில்டரில் தூசி அடைத்துக் காற்று போகாவிட்டாலும் ஐஸ் கட்டும். ஏ.சி-யை நிறுத்தி, ஐஸ் முழுதாக உருகும்வரை 'ஃபேன் மோடில்' ஓடவிடுங்கள். ஃபில்டரைக் கழற்றிக் குழாய்த் தண்ணீரில் கழுவி, நிழலில் காயவைத்து மாட்டுங்கள். அதன்பிறகும் ஐஸ் கட்டினால்தான் மெக்கானிக்.

ஃபில்டரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கழுவ வேண்டும். செலவே இல்லாத இந்தப் பத்து நிமிட வேலையைச் செய்யாததால் வரும் செலவுகள்தான் ஏ.சி செலவுகளில் அதிகம்.

'கேஸ் இறங்கிடுச்சு'

இது கொஞ்சம் விரிவாகப் பேச வேண்டிய விஷயம். ஏனெனில் பணம் அதிகம் போவது இங்கேதான்.

வீட்டில் ஃப்ரிட்ஜ் இருக்கிறது. பத்து, பதினைந்து வருடம் ஓடுகிறது. எத்தனை முறை அதற்கு கேஸ் நிரப்பினீர்கள்? பெரும்பாலான வீடுகளில் ஒருமுறைகூட இருக்காது. ஏ.சி-யும் அதே தத்துவம்தான். கேஸ் என்பது பெட்ரோல் அல்ல, எரிந்து தீர்வதற்கு. மூடிய செம்புக் குழாய்க்குள் சுற்றிச் சுற்றி வரும். குறைந்திருக்கிறது என்றால் எங்கோ ஓட்டை இருக்கிறது. 'வருஷா வருஷம் கேஸ் கொஞ்சம் டாப்-அப் பண்ணணும்' என்று யாராவது சொன்னால் அவரிடம் ஒரே கேள்வி: 'லீக் எங்கே?'

உண்மையில் கேஸ் குறைந்திருக்கிறதா என்று ஓரளவு வீட்டிலேயே கணிக்கலாம். ஃபில்டர் சுத்தமாக இருக்கிறது, கதவு மூடியிருக்கிறது, ஏ.சி இருபது நிமிடம் 'கூலில்' ஓடியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். சாதாரண தெர்மாமீட்டர் ஒன்றை ஏ.சி காற்றை உள்ளிழுக்கும் மேல்பக்கமும், காற்று வெளிவரும் வாயிலும் வைத்துப் பாருங்கள். பொதுவாக 8 முதல் 12 டிகிரி வரை வித்தியாசம் இருக்கும். மூன்று, நான்கு டிகிரிதான் என்றால் ஏதோ சரியில்லை. அவுட்டோர் யூனிட்டில் சேரும் இரண்டு குழாய்களில் மெல்லிய குழாயின் வால்வில் வெள்ளையாக உறைபனி படிந்திருந்தால் கேஸ் குறைவுக்கான வலுவான அடையாளம். தடித்த குழாய் நன்றாகக் குளிர்ந்து வேர்ப்பது நல்ல அறிகுறி, பதறத் தேவையில்லை.

லீக் பெரும்பாலும் குழாய்கள் சேரும் நட்டுகளில் இருக்கும். சோப்பு நுரை தடவினால் குமிழி வரும். அங்கே இல்லையென்றால் நைட்ரஜன் ஏற்றி அழுத்தத்தை வைத்துப் பார்க்க வேண்டும். லீக்கை அடைத்த பிறகு கேஸ் ஏற்றும் முன் செய்ய வேண்டிய ஒரு வேலை உண்டு: வேக்குவம் பம்ப் வைத்துக் குழாயிலிருக்கும் காற்றையும் ஈரத்தையும் உறிஞ்சி எடுப்பது. கடலோரத்தில் இதைத் தவிர்க்கவே கூடாது. குழாய்க்குள் சிக்கும் ஈரம், கம்ப்ரஸர் ஆயிலோடு சேர்ந்து அமிலமாகி உள்ளிருந்தே அரிக்கும். 'கொஞ்சம் கேஸை விட்டு ஏரைத் தள்ளிட்டேன், போதும்' என்று சொல்லும் வேலை அடுத்த பழுதுக்குப் போடும் அட்வான்ஸ்தான்.

எந்த கேஸ், எவ்வளவு கிராம் என்பது அவுட்டோர் யூனிட்டில் ஒட்டிய லேபிளிலேயே இருக்கும். பழைய ஏ.சி-க்களில் ஆர்-22, பிறகு ஆர்-410ஏ, இப்போது வருபவற்றில் பெரும்பாலும் ஆர்-32. ஒன்றுக்குப் பதில் மற்றொன்றை நிரப்பக் கூடாது. ஆர்-32 ஓரளவு தீப்பற்றக்கூடியது. சில மாடல்களில் இருக்கும் ஆர்-290 புரொப்பேன், நன்றாகவே தீப்பற்றும். பூட்டிய அறைக்குள் பற்றவைப்பு அடுப்பை வைத்துக்கொண்டு அவசரத்தில் செய்யும் வேலைக்கு இடம் கொடுக்காதீர்கள். மெக்கானிக்கின் பையில் வேக்குவம் பம்பும் எடை மெஷினும் இருக்கிறதா என்று பார்ப்பதில் தவறே இல்லை. கேஸை எடை போட்டுத்தான் ஏற்ற வேண்டும். 'கைப்பக்குவம்' சாம்பாருக்குச் சரி.

வெள்ளி விளக்கு சொல்லும் செய்தி

லீக் நட்டில் இல்லாமல் காயிலிலேயே இருந்தால்? அதுதான் கடலோர வீடுகளின் தனிச் சோகம்.

செம்புக் குழாய்மீது அலுமினியத் தகடுகள் அடுக்கியதுதான் காயில். இரண்டு வேறு உலோகங்கள் ஒட்டியிருக்கும் இடத்தில் உப்புத் தண்ணீர் பட்டால் ஒரு குட்டி பேட்டரி உருவாகிவிடும். அலுமினியம் கரையத் தொடங்கும். கடலைப் பார்த்த பால்கனியில் சில வருடம் இருந்த அவுட்டோர் யூனிட்டின் பின்பக்கத்தைத் தடவிப் பாருங்கள். தகடு வெள்ளை மாவாக உதிரும். தகடு போனால் சூட்டை வெளியேற்ற வழியில்லை. கம்ப்ரஸர் திணறும், மின்சாரம் குடிக்கும், கடைசியில் குளிர்ச்சி குறையும்.

இன்னொரு எதிரி கண்ணுக்குத் தெரியாது. கூவம், அடையாறு, பக்கிங்ஹாம் கால்வாய், திறந்த சாக்கடைகளை ஒட்டிய வீடுகளில் காற்றில் வரும் ஹைட்ரஜன் சல்ஃபைட், அதாவது அந்த அழுகிய முட்டை நாற்றம், செம்பைக் கறுக்கவைத்து நுண்துளைகள் போடும். பூஜையறை வெள்ளி விளக்கோ கொலுசோ தேய்த்த சில நாளிலேயே கறுத்துப்போகிறதா? அதே காற்றுதான் ஏ.சி காயிலிலும் படுகிறது. இப்படிப் பொத்தலான காயிலில் ஒரு ஓட்டையைப் பற்றவைத்தால் பக்கத்தில் இன்னொன்று திறக்கும். காயிலை மாற்றுவதுதான் தீர்வு.

எனவே வாங்கும்போதே கவனிக்க வேண்டியது வாரன்ட்டி அட்டை. 'கம்ப்ரஸருக்கு 10 ஆண்டு' என்று கொட்டை எழுத்தில் இருக்கும். காயிலுக்கு எத்தனை ஆண்டு, கேஸ் நிரப்புவதும் அதில் சேருமா என்பது பொடி எழுத்தில் இருக்கும். கடலோரக்காரர்கள் படிக்க வேண்டியது பொடி எழுத்தைத்தான். நீல நிறத்திலோ தங்க நிறத்திலோ பூச்சு கொடுத்த காயில்கள் அரிப்பைத் தாமதப்படுத்தும். தடுத்துவிடும் என்று நம்ப வேண்டாம். வாரன்ட்டி இருந்தும் கம்பெனி இழுத்தடித்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் செய்யலாம்.

இருக்கும் யூனிட்டைக் காப்பாற்ற எளிய வழி, மாதம் ஒருமுறை உப்பைக் கழுவிவிடுவது. மெயின் ஸ்விட்சை அணைத்துவிட்டு, பின்பக்கத் தகடுகள்மீது சாதாரணக் குழாயில் மெதுவாகத் தண்ணீர் விட்டால் போதும். ஒயர்கள் போகும் பக்கவாட்டு மூடியில் படக் கூடாது. பிரஷர் வாஷரால் அடித்தால் தகடுகள் மடங்கிவிடும். முக்கியமாக, உப்புக் கரிக்கும் போர் தண்ணீரை ஊற்றிக் கழுவாதீர்கள்! உப்பைப் போக்கப்போய் உப்பைப் பூசிய கதை. மெட்ரோ வாட்டரோ பிடித்துவைத்த மழைத் தண்ணீரோ நல்லது.

யூனிட் இன்னும் மாட்டப்படவில்லை என்றால், கடல் காற்று நேராக முகத்தில் அடிக்காத பக்கமாகப் பார்த்து வையுங்கள். அழகுக்காகப் பெட்டி அடித்து மூடுவது, முன்னால் பூந்தொட்டி அடுக்குவது, அப்பார்ட்மென்ட் சந்துக்குள் ஒன்றன்மேல் ஒன்றாக மாட்டுவது எல்லாம் யூனிட் வெளியேற்றிய சூட்டையே அது திரும்பக் குடிக்க வைக்கும். மதியத்தில் மட்டும் குளிரவில்லை, இரவில் சரியாக இருக்கிறது என்றால் இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

பல்லி செய்யும் வேலை

மின்சாரப் பக்கம் வருபவற்றில் ஒரு கோளாறுக்குக் காரணம் கேட்டால் பலர் சிரிப்பார்கள். பல்லி. கதகதப்புக்கும் பூச்சிக்கும் ஆசைப்பட்டு ஏ.சி-யின் சர்க்யூட் போர்டில் ஏறும். இரண்டு முனைகளைத் தொடும். பல்லியும் போகும், போர்டும் போகும். எறும்பும் இதே வேலையைச் செய்யும். பைப் போகும் சுவர் ஓட்டையைப் புட்டி வைத்து அடைத்தால் பல்லியும் வராது, ஈரக்காற்றும் வராது.

பழைய வகை ஏ.சி-யில் வெளியே ஃபேன் சுற்றுகிறது, ஆனால் கம்ப்ரஸர் 'ம்ம்ம்' என்று முனகிவிட்டு நின்றுவிடுகிறது என்றால் பெரும்பாலும் போயிருப்பது கெப்பாசிட்டர். சில நூறு ரூபாய்ப் பொருள். 'கம்ப்ரஸரே போச்சு' என்று யாராவது தொடங்கினால், 'கெப்பாசிட்டரை மீட்டர் வெச்சுப் பார்த்தீங்களா?' என்று கேளுங்கள். ஆனால் நீங்களே கழற்றிப் பார்க்க வேண்டாம். ஸ்விட்சை அணைத்த பிறகும் அதற்குள் மின்சாரம் தேங்கியிருக்கும். ஆளைத் தூக்கி எறியும்.

மின்தடை முடிந்து கரன்ட் வந்ததும் ஏ.சி உடனே குளிரவில்லை என்று பதற்றப்பட வேண்டாம். கம்ப்ரஸர் மூன்று நிமிடம் காத்திருந்துதான் கிளம்பும். அதன் பாதுகாப்புக்கான ஏற்பாடு அது. கோடை இரவில் ஏரியாவே ஏ.சி போடும்போது வோல்டேஜ் இறங்கும். 'ஸ்டெபிலைசர் தேவையில்லை' என்று சொல்லும் இன்வெர்ட்டர் ஏ.சி-க்களுக்கும் எந்த வோல்டேஜிலிருந்து எதுவரை என்று எல்லை உண்டு. கையேட்டில் இருக்கும்.

மழை பெய்தால் மட்டும் டிரிப் ஆகிறதா? அவுட்டோர் யூனிட்டின் ஒயர் முனைகளில் உப்பரிப்பும் ஈரமும் சேர்ந்து மின்கசிவு இருக்கலாம். டிரிப் ஆகும் ஸ்விட்சைத் திரும்பத் திரும்பத் தூக்கிவிடுவதும், 'இது சும்மா டிரிப் ஆகுது' என்று அதை மாற்றி நேரடியாக இணைப்பதும் உயிரோடு விளையாடுவது. பிளக் கறுத்திருந்தாலோ, பிளாஸ்டிக் கருகும் வாடை வந்தாலோ ரிமோட்டைத் தேட வேண்டாம். நேராக மெயினை அணையுங்கள். எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் ஏ.சி-யை ஓட்டவே கூடாது.

யூனிட்டின் விளக்கு விட்டுவிட்டு மினுக்கினாலோ திரையில் எழுத்தும் எண்ணுமாகத் தெரிந்தாலோ உடனே ஆஃப் செய்துவிடாமல் மொபைலில் ஒரு வீடியோ எடுத்துவிடுங்கள். எத்தனை முறை மினுக்குகிறது என்பதே பழுதின் பெயர். மெக்கானிக் வரும்போது ஏ.சி நல்ல பிள்ளையாக ஓடும் என்பது எல்லா வீட்டிலும் நடப்பதுதானே!

நாற்றம் வந்தால்

ஆன் செய்ததும் அழுக்கு சாக்ஸ் வாடை வந்தால் காயிலில் பூஞ்சை. அணைக்கும் முன் இருபது நிமிடம் ஃபேன் மோடில் ஓடவிட்டுக் காயிலை உலரவைத்தால் குறையும். புது மாடல்களில் இது தானாகவே நடக்கும்படி இருக்கிறது. ஏற்கெனவே படிந்துவிட்டதென்றால் தண்ணீர் சர்வீஸ்தான். ஊதுவத்தியும் ரூம் ஸ்ப்ரேயும் வாடையை மறைக்குமே தவிர பூஞ்சையைப் போக்காது. ஆஸ்துமா இருப்பவர்கள் வீட்டில் இதைத் தள்ளிப்போடக் கூடாது. சாக்கடை வாடையே வருகிறதா? டிரெயின் பைப்பைப் பாத்ரூம் கழிவுக் குழாயில் நேராகச் செருகியிருப்பார்கள். அந்த வாயு அறைக்குள் வருவதோடு, போகிற போக்கில் செம்புக் காயிலையும் அரித்துவிட்டுப் போகும். பைப்பைத் தனியாகத் திறந்தவெளியில் விடச் சொல்லுங்கள்.

மழைக்கு முன் ஒரு பார்வை

கடைசியாக, யாரும் கவனிக்காத ஒன்று: அவுட்டோர் யூனிட் நிற்கும் இரும்பு ஸ்டாண்ட். மூன்றாவது மாடிச் சுவரில் முப்பது கிலோவைச் சுமந்து நிற்கிறது. உப்புக்காற்றில் முதலில் துருப்பிடிப்பது அதன் போல்ட்டுகள்தான். கீழே பைக் நிற்கும், குழந்தைகள் விளையாடுவார்கள். ஆனியிலோ ஆடியிலோ சர்வீஸுக்கு வரும் மெக்கானிக்கிடம், காயிலைக் கழுவுவதோடு போல்ட்டையும் பார்க்கச் சொல்லுங்கள். வங்கக் கடலில் புயல் சின்னம் உருவான பிறகு ஆள் கிடைக்காது.

தரைத்தளத்தில் யூனிட் வைத்திருப்பவர்களுக்கு வேறு பயம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் சென்னையின் தாழ்வான பகுதிகளில் வீடுகளுக்குள்ளேயே தண்ணீர் நின்றது. வெளியே தரையில் வைத்த யூனிட்டுகள் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. கடந்த முறை தண்ணீர் எதுவரை வந்தது என்ற கறை சுவரில் இருந்தால், அதற்கு ஓர் அடி மேலே ஸ்டாண்ட் அடித்து ஏற்றுங்கள். தண்ணீர் ஏறிவிட்டால், வடிந்த பிறகு 'ஓடுதான்னு பார்ப்போம்' என்று ஆன் செய்யாதீர்கள். மெயினை அணைத்து, எலெக்ட்ரீஷியனோ மெக்கானிக்கோ திறந்து பார்த்து உலர்த்தும்வரை அது அப்படியே இருக்கட்டும். வீட்டுக்கு இன்ஷூரன்ஸ் இருக்கிறதென்றால், சேற்றைக் கழுவும் முன் தண்ணீர் ஏறிய அடையாளம் தெரியும்படி நான்கைந்து போட்டோக்கள் எடுத்துக்கொள்ளுங்கள். லேபிளில் இருக்கும் மாடல் எண்ணும் சீரியல் எண்ணும் அதில் தெளிவாகத் தெரிய வேண்டும்.